வேலியோரத்துக் கிழங்கு

மலையிலிருந்து முதலில் இறங்கி வந்தவை நாய்கள்.

எழுபத்து நாலாம் ஆண்டு பெப்ரவரி. பனி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். மாத்தளைப் பக்கத்து ரத்தோட்டையிலிருந்து மலைப்பக்கமாக ஏறும் பாதையில், நாலாம் மைல் கட்டையடியில், உம்மு குல்தூம் அப்பக் கடை வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் கடைப் பலகையைத் தூக்கிக் கம்பு கொடுத்தபோது பாதைக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு நாய்கள் படுத்திருந்தன. மேலே மூங்கில்மலைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவை. இரண்டை அவளுக்கு அடையாளம் தெரியும். சம்பளச் சனிக்கிழமைகளில் ஆட்களோடு வந்து அப்பத் துண்டுக்கு வாலாட்டுகிறவை. இப்போது வாலாட்டவில்லை, குரைக்கவும் இல்லை. விலா எலும்பு தெரியக் கடையையே பார்த்துக்கொண்டு கிடந்தன.

தேத்தண்ணி குடிக்க வந்த குணதாச அவற்றைப் பார்த்தான். கருப்பட்டிக்குக் கித்துள் பனை சீவுகிறவன். மர உச்சியில் நின்று தோட்டம் முழுவதையும் தினமும் பார்க்கிறவன். “மனுசனுக்கு மிஞ்சினாத்தானே நாய்க்கு எறிவாங்க,” என்று சிங்களத்தில் சொன்னான்.

அடுத்த வாரம் பித்தளைச் சாமான்கள் இறங்கின. குடம், குத்துவிளக்கு, கலியாணத்துக்கு வந்த செம்பு. ஆண்கள் அவற்றைச் சாக்கில் சுற்றித் தலையைக் குனிந்தபடி கடையைத் தாண்டி மக்கீன் வீட்டுக்குப் போனார்கள். திரும்பும்போது அதே சாக்கில் மரவள்ளிக் கிழங்கு இருந்தது. மக்கீன் உம்மு குல்தூமின் கூடப்பிறந்த நானா, ஐந்து வயது மூத்தவர். தோட்டத்து எல்லைக்குக் கீழே அவருக்கு மிளகும் கராம்பும் இருந்தன. அந்த வருடம் கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டிருந்தார்.

மூன்றாவது வாரம் மேலே தப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. சாவுக்கு அடிக்கிற அடி. முதலில் வாரத்துக்கு ஒரு தரம், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். அப்புறம் அடியோடு நின்றுபோனது.

“சாவு நிண்டுட்டா?” என்று குணதாசவிடம் கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். “இல்ல. தப்படிக்கிறவனுக்குத் தெம்பில்ல.”

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் உம்மு குல்தூமின் ஒரே மகள் றஹீமா. கலேவெலையில் வாழ்க்கைப்பட்டவள். தாய் தன்னிடம் எதையும் மறைக்கவில்லை என்றும், மறைத்திருந்தால் தனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்றும் அவள் சொன்னாள்.

உம்மு குல்தூம் வரக்காமுறையில் பிறந்தவள். பதினேழு வயதில் ஜமால்தீனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தக் கட்டையடிக்கு வந்தாள். கடையைப் பலகை பலகையாக அடித்துக் கட்டியவர் ஜமால்தீன்தான். அறுபத்தாறில் செங்கமாரி நோய் வந்து அவர் மவுத்தான பிறகு அவள் தனியாக நடத்தினாள். தாராளக் கைக்காரி என்று அவளை யாரும் சொன்னதில்லை. வாய் நீளம். தேத்தண்ணியில் சாயம் குறைவு என்றவனிடம், “அப்ப சட்டியக் கழுவிக் குடி,” என்று சொன்னவள். ஒரு அப்பத்தைப் பிய்த்துச் சும்மா தந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

அந்த வருடம் அப்பமும் இல்லாமல் போனது. கோதுமை மா கிடைக்கவில்லை. பாண் ரொட்டிக்கு இருட்டோடு வரிசையில் நின்றார்கள். அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை, மூட்டையோடு பாதையில் போனால் மறித்துச் சோதித்தார்கள். கடையில் அவள் அவித்த மரவள்ளியும் கொச்சிக்காய்ச் சம்பலும் விற்றாள். கிழங்கு நானாவின் கொல்லையிலிருந்து வந்தது. ஊர்க்காரருக்கு அப்படியாவது வயிறு நிறைந்தது. தோட்டத்து ஆட்களுக்கு ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லை. வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி மூன்று நாளைக்குக் காணாது.

மார்ச் தொடக்கத்தில் அவர்களே இறங்கி வந்தார்கள்.

பதினொரு பேர். பாதைக்கு அந்தப் பக்கம் மதகடியில் நின்றார்கள். கேட்கவில்லை, கையை நீட்டவில்லை. பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அழாத பிள்ளையை அவள் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரம் பொறுத்தாள். பிறகு, “என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? கூத்தா நடக்குது இங்க?” என்று கத்தினாள்.

முப்பது வயதுப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்து இரண்டு. பின்னால் கம்பூன்றிக்கொண்டு ஒரு கிழவர். “ஒண்ணுமில்லீங்க உம்மா. கிழங்கு அவிச்ச தண்ணிய ஊத்திருவீங்கல்ல, அத எங்களுக்கு ஊத்துங்க,” என்றாள்.

“அந்தத் தண்ணியக் குடிக்கப்படாது. கசக்கும். தல சுத்தும்.”

“இப்பவும் தல சுத்திக்கிட்டுதாங்க இருக்கு.”

உம்மு குல்தூம் உள்ளே போய், விற்க வைத்திருந்த கிழங்கில் பாதியை வாழையிலையில் கொட்டிக் கொண்டுவந்து மதகின் மேல் வைத்தாள். அவர்கள் பாய்ந்து விழவில்லை. கிழவர் முதலில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கடைசித் துண்டைத் தான் எடுத்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் ராசம்மா. கிழவர் அவள் மாமனார் பொன்னையா. நாற்பது வருடம் அந்தத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். புருசன் முத்துவீரன் வவுனியாப் பக்கம் காடு வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நடந்தே போனவன். இரண்டு மாதமாகத் தகவல் இல்லை. மற்றவர்கள் அதே லயத்தின் மூன்று காம்பரா அறைகளைச் சேர்ந்தவர்கள்.

மறுநாளும் வந்தார்கள். உம்மு குல்தூம் கிழங்கோடு கருப்பட்டித் துண்டும் சாயத்தண்ணியும் வைத்தாள். ஏன் கொடுத்தாய் என்று பிற்காலத்தில் றஹீமா கேட்டபோது, “கேக்காம நிண்டாங்களே, அதுக்குத்தான்,” என்று மட்டும் சொன்னாளாம்.

மதகடிக்கு ஆட்கள் கூடவில்லை, குறைந்தார்கள். ஐந்தாம் நாள் பத்துப் பேர். ஒரு கிழவியைக் காணவில்லை. “அந்தக் கெழவி எங்க?” என்று கேட்டாள். “அவங்க வரலீங்க,” என்றாள் ராசம்மா. அடுத்த வாரம் ஒரு கைக்குழந்தை இல்லை. தாய் மட்டும் வந்து நின்றாள், சேலைத் தலைப்பை இன்னும் தொட்டில் போலப் பிடித்தபடி. அதன் பிறகு யாரைக் காணோம் என்று உம்மு குல்தூம் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

ஊர் முணுமுணுக்கத் தொடங்கியது. லயத்தில் வயிற்றோட்டம் பரவுகிறதாம், கீழே கொண்டுவந்துவிடுவார்களாம். யாரோ ஒருவர் வீட்டில் பலாக்காய் போயிற்றாம். கிழங்கு வாங்க வந்த பெண்கள் மதகைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் பெரியவர்கள் இரண்டு பேர் நின்று, “ஸதகா குடுக்கிறது நல்லதுதான் தாத்தா. ஆனா ஊரையும் பார்க்கோணும்,” என்றார்கள். அந்தப் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதைச் சொல்லில் இருந்த எச்சரிக்கை அவளுக்கு விளங்கியது.

கடைசியில் மக்கீன் வந்தார்.

“மலை முழுக்க எறங்கி வந்துரும், நீ இப்படிச் சோறு போட்டா. என்ட மேல் கொல்லையில நேத்து முப்பது செடியப் புடுங்கி ஈக்கிறாங்க.”

“பசிச்சவங்க நானா.”

“எனக்கும் பிள்ளைங்க ஈக்கு. இனி உனக்குக் கிழங்கு தர ஏலாது. கொஞ்ச நாளைக்குக் கடையச் சாத்து. ஆள் இல்லன்னு கண்டா அவங்களே வராம விட்டுருவாங்க.”

அவள் சண்டை போட்டிருக்கலாம். அந்த வாய்க்கு அது கஷ்டமில்லை. போடவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கும் பயம் வந்திருந்தது. நோய்க்குப் பயம், ஊருக்குப் பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நாளும் மதகடியில் யார் இல்லை என்று பார்ப்பதற்குப் பயம். கடையைச் சாத்தினாள்.

மூன்று நாள். பலகைக்குக் கீழே நாலு விரல் இடைவெளி இருந்தது. அவள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் அந்த இடைவெளியில் கால்கள் வந்து நின்றன. வெடித்த பாதங்கள், பிள்ளைப் பாதங்கள், ஒரு கம்பின் நுனி. யாரும் பலகையைத் தட்டவில்லை. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுப் போனார்கள். உள்ளே அவளுக்குச் சட்டியில் கொஞ்சம் கிழங்கு இருந்தது. சத்தம் வெளியே கேட்காமல் மென்று விழுங்கினாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் கம்பின் நுனியைக் காணவில்லை.

நாலாம் நாள் பகலில் மக்கீன் ஒரு சாக்குக் கிழங்கோடு வந்தார். நல்ல முகமாக இருந்தார். அவள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

“நாளைக்குக் கடையத் தொற. இனித் தொந்தரவு ஈக்காது.”

“ஏன்?”

“மேல் வேலியோரம் முழுக்க மருந்து வெச்சாச்சு. கிழங்கைத் துண்டு துண்டா வெட்டி மருந்துல ஊறப் போட்டு மண்ணுக்கு மேலாப்பல வெச்சிருக்கேன். பன்றித் தொல்லை தாங்க ஏலாது.”

“பன்றிக்கா?”

“பன்றிக்குத்தான்.” அவர் தேத்தண்ணியை ஊதினார். “பன்றி எல்லாம் நாலு கால்லதான் வரணும்னு சட்டமா ஈக்கு?”

“மேல லயத்துக்கு ஆள் விட்டுச் சென்னீங்களா நானா?”

“களவெடுக்க வாறவனுக்குத் தபால் போடச் செல்றியா?”

“எப்ப வெச்சீங்க?”

“இண்டக்கிக் காலையில.”

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் மலைப்பாதையில் ஏறினாள். மக்கீன் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தரம்தான் கூப்பிட்டார்.

அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பருத்த உடம்பு. குறுக்குப் பாதையில் ஒன்றரை மைல் ஏற்றம். நடுவில் மூச்சு வாங்க நின்றபோது மேலேயிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிப்போயிற்று.

மேல் கொல்லையின் வேலி இரண்டு இடத்தில் பிரிந்து கிடந்தது. அழுகின பூண்டு போல ஒரு நெடி. வேலியோரமாக ஒரு காகம் சிறகை விரித்துச் செத்துக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நானா சொன்ன துண்டுகளைத் தேடினாள். கடைசி மூலையில் ஐந்தாறு மட்டும் இருந்தன. மற்ற இடமெல்லாம் மண் கலைந்து, வரிசையாக வெறுங்கால் தடம். பெரிய தடம் ஒன்று, சுற்றிலும் சின்னத் தடங்கள். இருந்த துண்டுகளைச் சேலைத் தலைப்பால் எடுத்து வாய்க்காலுக்குள் மிதித்துப் புதைத்துவிட்டு ஓடினாள்.

தோட்டத்துக்குள் ஒரு மனிதச் சத்தம் இல்லை. தேயிலைச் செடிகள் வெட்டப்படாமல் ஆளுயரத்துக்கு வளர்ந்து இரண்டு பக்கமும் மறைத்து நின்றன. முதல் லயத்தில் பாதிக் கதவுகள் வெளியிலிருந்து கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. ஒரு வாசலில் ஒருவன் குந்தியிருந்தான். “ராசம்மா எங்க?” என்று கேட்டாள். அவன் கண்ணால் மேலே காட்டினான்.

மேல் லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

நாள்கணக்கில் அடுப்பெரியாத லயத்தில் புகை. அதைப் பார்த்ததும் தன் கால் தனக்குச் சொந்தமில்லாதது போல ஓடியதாக மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

காம்பராவுக்குள் அடுப்பில் பெரிய மண்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றி ஆறு பிள்ளைகள். முதல் தடவையாக அந்தப் பிள்ளைகள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தன. ராசம்மா அகப்பையால் கிழங்கைக் குத்தி வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உம்மு குல்தூமுக்குப் பேச மூச்சில்லை. நேரே போய்க் காலால் சட்டியை உதைத்தாள்.

சட்டி உடைந்தது. கொதித்த தண்ணீர் அவள் பாதத்தில் ஊற்றி, சாம்பலோடு தரையெல்லாம் ஓடியது. பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து, பிறகு தரையில் கிடந்த துண்டுகளை நோக்கிப் பாய்ந்தன. அவள் கையால் தள்ளினாள், வெந்த காலாலேயே துண்டுகளை மிதித்தாள், வாயருகே போன ஒன்றைச் சின்னப் பெண்ணின் கன்னத்தில் அடித்துப் பிடுங்கினாள். அந்தக் காம்பராவில் எழுந்த அழுகையை லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

ராசம்மா அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். “என்னா செஞ்சீங்க? என்னா செஞ்சீங்க நீங்க? நீங்களும் தரல. நாங்களாப் பொறுக்கினதையும் ஒடச்சுப் போட்டீங்களே! மூணு நாளாப் பலகைக்கு அந்தப் பக்கம் நீங்க மூச்சு விட்டது எங்களுக்குக் கேட்டுச்சு உம்மா. மூணு நாளும் கேட்டுச்சு.”

“வெசம்,” என்றாள் உம்மு குல்தூம். “ராசம்மா, கிழங்கில வெசம் வெச்சிருக்கு. யாரும் தின்னாங்களா? செல்லு. யாரும் தின்னாங்களா?”

ராசம்மாவின் கை தளர்ந்தது. அவள் மெதுவாகத் திரும்பிக் காம்பராவின் மூலையைப் பார்த்தாள்.

பொன்னையா சாக்குக்குள் சுருண்டு படுத்திருந்தார். இரண்டு நாளாக எழும்பவில்லை என்பதால், சட்டி வேகுமட்டும் தாங்கமாட்டார் என்று ஒரு துண்டைத் தணலில் சுட்டு முதலில் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். தூங்குகிறார் என்று நினைத்திருந்தார்கள். சாக்கை விலக்கியபோது உடம்பு முழுக்க வேர்த்து நனைந்திருந்தது. வாயோரம் நுரை. கை கால் தசையெல்லாம் தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன.

“இன்னும் யார் யார் பொறுக்கினாங்க?” என்று உம்மு குல்தூம் கேட்டாள்.

ராசம்மா வாசலுக்கு ஓடினாள். இரண்டு பெண்களும் கதவு கதவாகத் தட்டினார்கள். நாலாவது காம்பராவில் தாயும் மகளும் கிழங்குத் துண்டுகளை மடியில் வைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். பிடுங்கி வெளியே எறிந்தார்கள். மற்ற இடத்தில் ஒன்றுமில்லை.

கூச்சல் கேட்டுக் குணதாச கித்துள் மரத்திலிருந்து இறங்கி வந்தான். இரண்டு கழியில் சாக்கைக் கட்டிப் பொன்னையாவைக் கிடத்தினார்கள். முன்னால் அவன், பின்னால் இரண்டு பெண்கள். தோல் உரிந்த பாதத்தோடு உம்மு குல்தூம் அந்த இறக்கத்தில் நடந்தாள். பாதையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு மைல். பாதைக்கு வருமுன்பே கிழவரின் துடிப்பு அடங்கிவிட்டது. குணதாசதான் முதலில் உணர்ந்தான். பாரம் மாறிவிட்டது என்றான். மதகடியில் இறக்கி வைத்தார்கள்.

மறுநாள் காலை, மரண விசாரணைக்கு அதிகாரி வருமுன், மக்கீன் கடைக்கு வந்தார். ஒரே நாளில் முகம் கறுத்திருந்தது.

“கெழவன் காட்டுக் கிழங்கு தின்னான்னு செல்லு. அந்த ஆட்கள் வாய் தொறக்க மாட்டாங்க. களவெடுத்தோம்னு எப்படிச் செல்லுவாங்க? நீயும் செல்லாட்டி முடிஞ்சுது.”

அவள் காலில் பூசிய எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே வயித்துல பொறந்தோம், குல்தூம்.”

“ஓம் நானா,” என்றாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

விசாரணை கடைக்கு முன்னால் நடந்தது. லயத்து ஆட்கள் கும்பலாக நின்றார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்டதற்கு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ராசம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவளைப் பொலிஸ்காரர் ஏதோ அதட்டினார். அப்போது உம்மு குல்தூம் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தாள். மருந்து வைத்தது யார், எங்கே, எந்த நேரம், தன்னிடம் என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் சிங்களத்தில் சொன்னாள். பன்றியின் காலைப் பற்றிச் சொன்னதையும் சொன்னாள். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. மக்கீன் கூட்டத்தின் பின்னால் நின்றார். அவரைப் பார்க்காமல்தான் சொன்னாள். பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்பாளாம்.

வழக்கு மாத்தளையில் எட்டு மாதம் இழுத்தது. மிருகங்களுக்கு வைத்தது என்று மக்கீன் தரப்பில் சொன்னார்கள். எச்சரிக்கை செய்யாதது மட்டும் குற்றமாயிற்று. சிறு தண்டத்தோடு வீட்டுக்கு வந்தார். தங்கையின் கடையை அதற்குப் பிறகு அவர் மிதிக்கவில்லை. கூடப்பிறந்தவனைப் பொலிசுக்குக் காட்டிக் கொடுத்தவள் என்று ஊரில் பெயர் விழுந்தது. சொந்தக்காரப் பெண்கள் பாதையின் மறுபக்கமாக நடந்தார்கள். ஒரு நாள் தொழுதுவிட்டு எழும்பியபோது கடைப் பலகையில் யாரோ சாணி அடித்திருந்தார்கள். கழுவினாள். மறுநாளும் அடித்திருந்தார்கள். மறுநாளும் கழுவினாள்.

கிழங்கு வரத்து நின்றுபோனது. ஆனால் குணதாச தன் பக்கத்துச் சிங்கள வீடுகளில் சொல்லி வைத்திருந்தான். அவர்கள் பலாக்காயும் ஈரப்பலாக்காயும் கித்துள் மாவும் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் கடைப் பின்புறத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். உம்மு குல்தூம் இனி யாரும் கீழே வந்து நிற்க வேண்டாம் என்றாள். பெரிய சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவளே ஏறினாள். கால் ஆறாத முதல் மாதம் ராசம்மா பாதி வழிவரை வந்து சட்டியை வாங்கிக்கொண்டாள். மன்னிப்பு என்ற பேச்சே அவர்களுக்குள் எழவில்லை. சின்னப் பெண் மட்டும் வெகுநாள் உம்மு குல்தூமைக் கண்டால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு தாயின் பின்னால் ஒளிந்தாள்.

எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. மழை பிடிக்குமுன் அந்த லயத்தில் இன்னும் ஐந்து பேர் போனார்கள். இரண்டு பிள்ளைகள், மூன்று முதியவர்கள். பெயர்களைத் தொழுகைக்குப் பிறகு துஆவில் சொல்லிவந்தாள். வேறு சமயத்தவர்களுக்கு அப்படிக் கேட்கலாமா என்று றஹீமா ஒரு தரம் சந்தேகப்பட்டாள். “கேக்கப்படாதுன்னா அல்லாஹ் செல்லட்டும்,” என்றாள் தாய்.

எழுபத்தைந்து சனவரியில் முத்துவீரன் திரும்பி வந்தான். பாதி உடம்பாக வந்தான். வவுனியாவுக்கு அப்பால் காட்டை வெட்டிக் குடியிருக்க இடம் தருகிறார்கள், லொறி வருகிறது, எல்லாரும் புறப்படுங்கள் என்றான். எந்த இடம், யார் தருகிறார்கள் என்று குணதாச கேட்டதற்கு அவனிடம் சரியான பதில் இல்லை. தோட்டத்தில் இருந்தாலும் சாவுதான், அங்கே போயாவது பார்ப்போம் என்றான்.

லொறி ஒரு புதன்கிழமை பட்டப்பகலில் வந்து கடைக்கு முன்னால் நின்றது. மேல் லயத்திலிருந்து நாற்பது பேர் ஏறினார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் முதல் லொறிப் பயணம், சிரித்துக்கொண்டிருந்தார்கள். உம்மு குல்தூம் அவித்த பலாக்கொட்டை ஒரு பையில் கட்டி ராசம்மாவிடம் கொடுத்தாள். பிறகு முன்னால் போய்ச் சாரதியிடம், “எந்த ஊருக்குக் கொண்டு போறீங்க?” என்று கேட்டாள்.

அவன் முன்பின் தெரியாதவன். பாதையைப் பார்த்துக்கொண்டே, “போனாத் தெரியும்,” என்றான்.

ராசம்மா லொறியிலிருந்து குனிந்து அவள் தோளைத் தொட்டாள். “கடுதாசி போட எழுதத் தெரியாதுங்க உம்மா.”

“வந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது,” என்றாள் உம்மு குல்தூம். “போய்ச் சேருங்க.”

அதன் பிறகு மேல் லயம் காலியாகக் கிடந்தது. கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். வடக்கேயிருந்து வெங்காயமோ கருவாடோ ஏற்றிவந்து கடையில் நிற்கிற ஒவ்வொரு லொறிக்காரனிடமும் அவள் விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை. ஒருவன், அந்தப் பக்கம் யானைத் தொல்லை என்றான். இன்னொருவன், மலைநாட்டு ஆட்கள் நிறையப் பேருக்கு மலேரியா என்றான். அந்த இரண்டு இரவுகளும் அவள் தூங்கவில்லை.

எழுபத்தெட்டில் கால் மறுபடி புண்ணாகி நடக்க முடியாமல் போகவே, றஹீமா தாயைக் கலேவெலைக்குக் கூட்டிப்போனாள். வீடு பிரதான பாதையோரம். வடக்குக்கும் குருநாகலுக்குமாக லொறிகள் ஓடுகிற பாதை. உம்மு குல்தூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிற்கிற லொறிகளைக் கூப்பிட்டுக் கேட்பதை விடவில்லை. மருமகன் வெட்கப்பட்டான்.

ஒரு நாள் ரயர் மாற்ற நின்ற வவுனியாச் சாரதி ஒருவன், “மாத்தளைப் பக்கத்து ஆட்களா? எங்க ஊருக்கு உள்ளுக்க காட்டுக்குள்ள இருக்காங்கம்மா. கொட்டில் போட்டு இருக்காங்க. போன மாசம் விறகு ஏத்தப் போனேன்,” என்றான்.

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்ப முயன்றாள். “ராசம்மான்னு ஒருத்தி. மூணு பிள்ளை.”

அவன் யோசித்தான். சிரித்தான். “ராசம்மான்னு கூப்பிட்டா பத்துப் பேரு திரும்பிப் பார்ப்பாங்கம்மா அங்க.”

“அப்ப அந்தப் பத்துப் பேரும் சாப்பிடுறாங்களா?”

சாரதி சிரிப்பை நிறுத்தினான். கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்தான். “இந்த வருசம் அந்தப் பக்கம் மழை இல்லம்மா,” என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினான்.